ஐம்பதாயிரம் பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்: குழுச் சதுரங்கம் எப்படி நடக்கிறது?

செஸ் கிளப்புகளில் அவ்வப்போது ஓர் ஆட்டம் போடுவார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே அணி. எதிரே ஆடுபவர் யார் என்பது செயலாளருக்கு மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நகர்வு, மாதக்கணக்கில் ஓடும். ஆட்டம் தொடங்கிய மறுநாளே இரண்டு பேச்சு கிளம்பிவிடும். “இருபது மூளை சேர்ந்து யோசிக்கிறோம், எவன் வந்தால் என்ன?” என்பது ஒன்று. “அந்தப் பக்கம் கண்டிப்பாக ஒரு கிராண்ட்மாஸ்டர், இல்லையென்றால் கம்ப்யூட்டர்” என்பது இன்னொன்று.

இரண்டும் தவறு. இருபது பேர் சேர்ந்தால் இருபது மடங்கு பலம் வராது. சில சமயம் அந்த இருபது பேரில் சிறந்த ஒருவரின் பலம்கூட வராது. வேறு சில சமயம், அவர்களில் யாருமே தனியாக எட்ட முடியாத உயரத்தில் ஆடுவார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ராணி எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும், அதற்கு மேல் செஸ் தெரியவேண்டியதில்லை.

## இரண்டு வகை ஆட்டம்

குழுவாக ஆடுவதில் இரண்டு வகை உண்டு. ஒரே பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பேசி முடிவெடுத்து ஆடுவது கலந்தாலோசனை ஆட்டம். ஆளுக்கொரு நகர்வைச் சொல்லி, அதிக வாக்கு பெற்ற நகர்வை ஆடுவது வாக்கு ஆட்டம். கிளப்புகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டும் கலந்த ஒன்று. எந்த வகை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் வகை பழையது. 1824 முதல் 1828 வரை லண்டன் கிளப்பும் எடின்பரோ கிளப்பும் தபாலில் மோதின. பெரிய ஊர் என்று எல்லோரும் நினைத்த லண்டன் தோற்றது. ஸ்காட்ச் என்று இன்று அழைக்கப்படும் தொடக்கத்துக்கு அந்தப் பெயர் அந்தப் போட்டியில் இருந்துதான் வந்தது. 1858-ல் பாரிஸ் ஒபரா அரங்கில் அமெரிக்கர் பால் மார்ஃபிக்கு எதிராக ஒரு கோமகனும் ஒரு பிரபுவும் கூடிப் பேசி ஆடினார்கள். மார்ஃபி ராணியைப் பலி கொடுத்து 17-ஆவது நகர்வில் செக்மேட் செய்தார். செஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இன்றும் முதலில் காட்டப்படும் ஆட்டங்களில் அது ஒன்று.

அந்த இருவரும் ஏன் உருப்படவில்லை? இரண்டு தலை இருந்தும், இரண்டுக்கும் ஒரே விஷயம்தான் கண்ணில் பட்டது. ஒருவருக்குத் தெரியாத ஆபத்து அடுத்தவருக்கும் தெரியவில்லை என்றால் இரண்டாவது தலையால் பயனில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

## புடவைக் கடையில் பத்துப் பேர்

கல்யாணப் புடவை எடுக்கப் பத்துப் பேர் கிளம்பிப் போகும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். மணப்பெண்ணுக்குப் பிடித்த மயில்கழுத்து நிறம் பெரியம்மாவுக்குக் கண்ணை உறுத்தும். அத்தை எடுத்த பாட்டில் பச்சையை அம்மா தொடக்கூட மாட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஓர் அரக்கு நிறம் வெளியே வரும். யாருக்கும் அது முதல் விருப்பம் இல்லை. ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பில் போட்டுவிடுவார்கள்.

வாக்கு ஆட்டத்தில் கூட்டம் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அரக்கு நிறம்தான். ஒரு நகர்வு துணிச்சலானதாக இருந்தால் அதை விளக்கவேண்டும், எதிர்ப்புக்குப் பதில் சொல்லவேண்டும். பத்திரமான நகர்வுக்கு விளக்கம் தேவையில்லை. அதனால் பேச்சில்லாமல் வாக்கு மட்டும் போடும் குழு, தோற்காமல் இருக்கப் பார்க்கும். ஜெயிப்பதற்கு அதனிடம் திட்டம் இருக்காது.

## சராசரி எடுக்க முடியாத விளையாட்டு

கூட்டத்தின் புத்திசாலித்தனம் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் கண்காட்சியில் ஒரு மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தபின் இறைச்சி எவ்வளவு எடை வரும் என்று கணிக்கும் போட்டி வைத்தார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் 787 சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். வரிசையில் நடுவில் நின்ற கணிப்பு 1207 பவுண்டு, உண்மை எடை 1198. கூடச் சொன்னவர்களின் பிழையும் குறைத்துச் சொன்னவர்களின் பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன.

இதை அப்படியே செஸ்ஸுக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கேதான் சறுக்கல். எடை என்பது எண், அதற்கு நடு உண்டு. பாதிப் பேர் குதிரையை இடப்பக்கம் தாண்டச் சொல்கிறார்கள், பாதிப் பேர் வலப்பக்கம் தாண்டச் சொல்கிறார்கள் என்றால், நடுவில் எங்கே தாண்டுவது? நகர்வுகளுக்குச் சராசரி கிடையாது. ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டாக வேண்டும்.

விடுவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நாற்பது பேர் உள்ள ஒரு கிளப்பை எடுத்துக்கொள்வோம். குதிரையை முன்னே தள்ளித் தாக்கலாம் என்கிறார்கள் 12 பேர். யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுவந்து தாக்கலாம் என்கிறார்கள் 13 பேர். ராஜாவை ஓரமாக ஒரு கட்டம் நகர்த்திப் பத்திரமாக இருக்கலாம் என்கிறார்கள் 15 பேர். தாக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் 25 பேர். ஆனால் ஆடப்படுவது ராஜா நகர்வு. நம் தொகுதிகளில் ஓட்டுப் பிரிந்து நடக்கிற அதே கதை.

தேர்தலாவது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் புதிய தேர்தல். இந்த வாரம் தற்காப்புக் கட்சி ஜெயித்து ராஜாவை நகர்த்தும். அடுத்த வாரம் அதில் நாலு பேர் ஊரில் இல்லை, தாக்குதல் கட்சி ஜெயித்து யானையைக் கிளப்பும். அதற்கடுத்த வாரம் யானை தனியாகப் போய் மாட்டிக்கொண்டது என்று திரும்ப அழைக்கும். ஒவ்வொரு நகர்வும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எதற்காக ஆடினார்கள் என்றே புரியாது. செஸ்ஸில் திட்டம் என்பது ஐந்தாறு நகர்வுக்கு ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது. வாக்குப் பெட்டிக்கு அந்த ஞாபகம் கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வெறும் வாக்கு சராசரி எடுப்பதில்லை, ஓட்டுப் பிரிவால் சிறுபான்மையின் நகர்வு ஜெயிக்கலாம், தொடர்ச்சி அறுந்துபோகும். அப்படியானால் குழு எதில்தான் பலம்?

## பார்த்தவர் ஒருவர் போதும்

1785-ல் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே ஒரு கணக்குப் போட்டார். சரி, தவறு என்று இரண்டே விடை உள்ள கேள்வி. ஒவ்வொருவரும் 60 சதவீதம் சரியாகச் சொல்பவர்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிப்பதில்லை. மூன்று பேரின் பெரும்பான்மை 65 சதவீதம் அளவுக்குச் சரியாக இருக்கும். பதினோரு பேர் என்றால் 75. நூற்றியொரு பேர் என்றால் ஏறத்தாழ 98. ஆட்கள் கூடக்கூட உண்மை நெருங்குகிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கு இன்னொரு முனையும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்குக் கீழே போய்விட்டால், ஆட்கள் கூடக்கூட விடை இன்னும் உறுதியாகத் தவறாகும். செஸ்ஸில் கடினமான நிலைகள் எல்லாம் இந்த ரகம். ஒளிந்திருக்கும் ஒரு பொறியைப் பத்தில் ஒருவர்தான் பார்ப்பார் என்று வையுங்கள். இருபது பேரில் இரண்டு பேர் பார்ப்பார்கள். வாக்கெடுப்பில் 18-க்கு 2 என்று தோற்பார்கள். குழு நேராகப் பொறிக்குள் நடந்து போகும்.

இப்போது அதே இருபது பேரைப் பேசவிடுங்கள். ஒருவர்கூடப் பொறியைப் பார்க்காமல் போகும் வாய்ப்பு 12 சதவீதம்தான். மீதி 88 சதவீதத்தில் குறைந்தது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். அவர் எழுந்து, “ஒரு நிமிஷம், நாம் இங்கே வெட்டினால் அவர் குதிரையை இங்கே வைப்பார், ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே நேரத்தில் அடி” என்று பலகையில் வைத்துக் காட்டினால் போதும். அதைப் பார்த்தபின் யாரும் வாதாட மாட்டார்கள். அரசியலில் இப்படி நடக்காது, சினிமா விமர்சனத்தில் நடக்காது. செஸ்ஸில் நடக்கும். ஏனென்றால் இங்கே ஒரு கருத்தை மூன்றே நகர்வில் நிரூபித்துக் காட்டிவிடலாம்.

ஒரே ஆட்கள், ஒரே திறமை. வாக்கு மட்டும் என்றால் தோல்வி, காட்டிப் பேசிவிட்டு வாக்கு என்றால் 88 சதவீதம். குழுவின் பலம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கிளப் அளவில் ஆடுபவர்கள் ஆழமான திட்டம் இல்லாததால் தோற்பதைவிட, எதையாவது கவனிக்காமல் விட்டுத்தான் அதிகம் தோற்கிறார்கள். இருபது ஜோடிக் கண்கள் அந்தக் கவனக்குறைவைத் துடைத்துவிடும்.

மார்ஃபியிடம் தோற்ற இருவரை இங்கே நினைவுகூரலாம். 88 சதவீதக் கணக்கு, ஆளுக்கு ஆள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையில் போட்டது. எல்லோரும் ஒரே பயிற்சியாளரிடம் ஒரே பாடத்தைப் படித்தவர்கள் என்றால், ஒருவர் கோட்டை விடுவதை மற்றவர்களும் கோட்டை விடுவார்கள். பள்ளி மாணவர், ஓய்வுபெற்ற தபால்காரர், வேகச் செஸ் பைத்தியம், புத்தகப் புழு என்று கலந்துகட்டி இருக்கும் கிளப்புக்கு இதில் வசதி.

## 1999: உலகமே ஒரு பக்கம்

இத்தனையும் ஒரே ஆட்டத்தில் கண்முன் நடந்தது. 1999 ஜூன் 21 அன்று அப்போதைய உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ் இணையத்தில் உலகத்துக்கு எதிராக ஆடத் தொடங்கினார். மைக்ரோசாஃப்ட் நடத்தியது. 75-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து 50,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு நகர்வுக்கு 24 மணி நேரம். உலக அணிக்கு ஆலோசனை சொல்ல நான்கு இளம் ஆட்டக்காரர்களை நியமித்தார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் இரீனா க்ரஷ், வயது 15.

வழக்கமான வாக்கு ஆட்டம் என்றால் இருபது நகர்வில் கதை முடிந்திருக்கும். பத்தாவது நகர்வில் க்ரஷ் ராணியை ஒரு விசித்திரமான கட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதற்கு முன் யாரும் ஆடிப் பார்க்காத நகர்வு அது. அணி ஏற்றுக்கொண்டது, ஆட்டம் பெரும் சிக்கலாக மாறியது. அங்கிருந்து க்ரஷ் வெறும் ஆலோசகராக நிற்கவில்லை. விவாதப் பலகையில் யார் யாரோ எழுதும் ஆய்வுகளைத் தொகுத்தார், வலுவான ஆட்டக்காரர்களோடு தொடர்பில் இருந்தார், இப்படி ஆடினால் அவர் இப்படி, அதற்கு நாம் இப்படி என்று கிளை கிளையாகப் பிரியும் ஓர் ஆய்வு மரத்தை வெளியிட்டு வந்தார். ஏறத்தாழ ஐம்பதாவது நகர்வு வரை அவர் பரிந்துரைதான் வாக்கில் வென்றது. வாக்குப் பெட்டிக்கு இல்லாத ஞாபகத்தை அந்தப் பதினைந்து வயதுப் பெண் கொடுத்தார் என்று சொல்வேன். தன் வாழ்நாளில் வேறு எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று காஸ்பரோவே பின்னால் சொன்னார்.

அப்புறம் நூல் அறுந்தது. 51-ஆவது நகர்வில் க்ரஷ் சொன்னது தோற்று வேறொன்று வென்றது. கள்ள ஓட்டு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 58-ஆவது நகர்வில் மின்னஞ்சல் தாமதத்தால் அவருடைய பரிந்துரை நேரத்துக்கு வந்து சேரவில்லை. அணி வேறு வழியில் போனது. அது வந்திருந்தால் ஆட்டம் பிழைத்திருக்குமா என்பது வேறு கதை, ஆனால் அணி பிழைத்திருக்கும். அடுத்த நகர்விலேயே ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கும் ஒரு நகர்வுக்கு வாக்குகள் குவிந்தன. கோபத்தில் போட்டவர்களும் உண்டு, கள்ள ஓட்டும் உண்டு. நடத்தியவர்கள் அதை ஒதுக்கவேண்டியதாயிற்று. அக்டோபர் 22 அன்று, 62 நகர்வுகளுக்குப் பின், உலகம் தோல்வியை ஒப்புக்கொண்டது.

“ஐம்பதாயிரம் மூளைகளைக் காஸ்பரோவ் ஒற்றை ஆளாக வென்றார்” என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஐம்பதாயிரம் பேரின் வாக்கு அவருக்கு எந்தக் காலத்திலும் தொந்தரவு கொடுக்கவில்லை. அந்த விவாதப் பலகையில் இருந்த சில நூறு பேரின் பேச்சும், அதைத் தொகுத்த ஒருவரும்தான் நான்கு மாதம் அவரைத் தூங்கவிடாமல் செய்தார்கள்.

பின்னாளில் வந்த இரண்டு ஆட்டங்கள். 2024-ல் நம் சென்னை விஸ்வநாதன் ஆனந்த் செஸ்.காம் தளத்தில் ஏறத்தாழ 70,000 பேருக்கு எதிராக ஆடி வென்றார். 2025-ல் அதே தளத்தில் மாக்னஸ் கார்ல்சனுக்கு எதிராக 1,43,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பின்வரிசைக் காய்களைக் கலைத்து வைத்துத் தொடங்கும் ஃப்ரீஸ்டைல் முறை என்பதால் மனப்பாடத் தொடக்கங்கள் உதவாது. 32-ஆவது நகர்வில், ஒரே நிலை மூன்று முறை திரும்ப வந்ததால் டிரா ஆனது. டிராவை எடுத்துக்கொள்வதா, தோற்றாலும் பரவாயில்லை என்று தொடர்வதா என்று அணிக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. பத்திரம்தான் ஜெயித்தது. உலகின் முதல்நிலை வீரரோடு டிரா என்றால் அரக்கு நிறத்தைக் குறை சொல்லவும் முடியாது.

## எதிரே யார்?

இனி அந்த முகம் தெரியாத எதிராளி. ரேட்டிங் என்பது ஒருவரின் பழைய முடிவுகளைக் கொண்டு அவர் பலத்தைக் காட்டும் எண். இருவருக்கும் இடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டத்தில் வலுவானவர் சுமார் 76 புள்ளி எடுப்பார், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று. மீதி 24 புள்ளி பலவீனமானவருக்குப் போகிறது. அதாவது ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து எதிராளியின் பலத்தைச் சொல்வது கிட்டத்தட்ட ஜோசியம். பாணியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். 1993-ல் உலகப் பட்டத்துக்குக் காஸ்பரோவோடு மோதிய நைஜல் ஷார்ட், 2001-ல் தான் இணையத்தில் ஆடிய பெயர் தெரியாதவர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர்தான் என்று நம்பினார். பத்திரிகையில் வந்தது, ஃபிஷர் மறுத்தார். ஷார்ட்டுக்கே அந்த நிலை.

பெயர் மறைப்பதால் வரும் உண்மையான மாற்றம் வேறு. எதிராளியின் பழைய ஆட்டங்களைத் தேடிப் படித்துத் தயாராக முடியாது, பலகையில் இருப்பதை மட்டும்தான் பார்க்கவேண்டும். பட்டத்தைக் கேட்டு மிரள்வதும் இருக்காது. கிராண்ட்மாஸ்டர் என்று தெரிந்துவிட்டால் அவர் அசட்டையாக விட்ட சிப்பாயைக்கூடப் பொறி என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள்.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. உலக அணியின் விவாதப் பலகையைத் தானும் படித்துவந்ததாகக் காஸ்பரோவ் பின்னாளில் ஒப்புக்கொண்டார். குழுவின் பலம் பேச்சில் இருக்கிறது, பேச்சு வெளியே கேட்கும். எதிராளி தன் தலைக்குள் நினைப்பது யாருக்கும் கேட்காது. பெயர் தெரிந்தவர் என்றால் அவரை வெளியே நிறுத்தலாம். தெரியாதவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

கம்ப்யூட்டர் சந்தேகம் எல்லாக் கிளப்பிலும் வரும். இன்று கைப்பேசியில் ஓடும் செஸ் நிரலே உலக சாம்பியனை வெல்லும் என்பதால் சந்தேகத்தில் தவறில்லை. ஆனால் குழுவில் ஒருவர் ரகசியமாகக் கைப்பேசியைப் பார்த்தாலும் கதை அதேதான். அவர் சொல்லும் நகர்வுக்குக் காரணம் கேட்டால் விழிப்பார். காரணம் சொல்லாத நகர்வு வாக்குக்கே வராது என்று விதி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

## உங்கள் கிளப்பில் நடத்துவதாக இருந்தால்

முதலில் எல்லோரும் தனித்தனியாகச் சீட்டில் எழுதட்டும், நகர்வும் ஒரு வரிக் காரணமும். பேச்சு அதற்குப் பிறகு. கிளப்பின் பலசாலி முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்ற பத்தொன்பது பேரும் தலையாட்டுவார்கள், இருபது ஜோடிக் கண் ஒரே ஜோடியாகிவிடும். சீட்டுகளைப் படித்தபின் பலகையில் வைத்துக் காட்டிப் பேசுங்கள். வாக்கில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இரண்டு நகர்வுக்கு மட்டும் மறுவாக்கு வையுங்கள். மேலே சொன்ன ஓட்டுப் பிரிவு அதில் அடிபட்டுப் போகும்.

ஒருவர் குறிப்பேடு வைத்திருக்கவேண்டும். பலசாலியாக இருக்கத் தேவையில்லை, பொறுமைசாலியாக இருந்தால் போதும். போன வாரம் ஏன் யானையை அங்கே வைத்தோம், எதைத் தாக்குவதாகப் பேச்சு என்பதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசித்துக் காட்டுவதுதான் அவர் வேலை.

டிரா கேட்பதற்கும் தோல்வியை ஒப்புக்கொள்வதற்கும் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றில் இரண்டு பங்கு என்று ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். 1999-ல் ஆட்டத்தைக் கைவிட வாக்களித்தவர்கள் 51 சதவீதம். மீதிப் பேர் இன்னும் ஆடத் தயாராக இருந்தார்கள்.